ஜன்னலோரப் பிரசங்கம்

சிரில் தன் தமிழ் வாக்கியத்தை முடித்து வாயை மூடிய பிறகும், ஆட்கின்ஸ் ஐயர் அடுத்த ஆங்கில வாக்கியத்தைத் தொடங்கவில்லை. பிரசங்க மேடையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, சிரிலின் வலது தோளுக்கு அப்பால் திறந்து கிடந்த ஜன்னலை மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற மனிதரின் முகம் அது. பிறகு அந்தப் பக்கமாக லேசாகத் தலையசைத்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனார்.

வயதாகிவிட்டது, மூச்சு வாங்குகிறார் என்று சிரில் நினைத்துக்கொண்டான். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ஐயருக்கு மூச்சு வாங்கியது. நீண்ட வாக்கியத்துக்கு நீளமாக. குட்டையானதற்குக் குட்டையாக.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், தகரக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட அந்தச் சின்னச் சபைக்குத் தமிழ்ப் போதகராக ஒரு ஐயர் இருந்தார். அவர் காசநோயோடு ஊருக்குக் கப்பல் ஏறியபோது, புதியவர் வரும்வரை தாக்குப்பிடிக்க வந்தவர்தான் ஆட்கின்ஸ் துரை. அவருக்குத் தமிழ் தெரியாது. சபைக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டும் தெரிந்த குற்றத்துக்காக, ரயில்வே சரக்கு ஆபீஸில் கிளார்க்காக இருந்த சிரிலை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். துரை ஒரு வாக்கியம் சொல்வார்; சிரில் அதைத் தமிழில் சொல்வான். துரை கையை உயர்த்தினால் சிரிலும் உயர்த்துவான். துரை மேடையைக் குத்தினால், குத்துவதற்குத் தனக்கென்று மேடை இல்லாததால், சிரில் தன் உள்ளங்கையைக் குத்திக்கொள்வான்.

தொடக்கத்தில் உள்ளதை உள்ளபடிதான் சொன்னான். எடுபடவில்லை. உறைபனி போன்ற வெண்மை என்றால் உறைபனியை யார் கண்டார்கள்? ரயில்வே ஆஸ்பத்திரியின் துவைத்த படுக்கை விரிப்பு என்று மாற்றினான். பெண்கள் பக்கம் தலைகள் ஆடின. அக்கினிச் சூளை என்று துரை முழங்கிய வாரம், நாள் முழுக்க ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற வாலண்டைன் வாசலில் அவனைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "ஏன் சிரில், நரகத்துல ஓவர்டைம் உண்டா? இங்க கேட்டா தர மாட்றானுங்க லா."

அதற்கப்புறம் சிரில் நரகத்தைக் குறைத்துக்கொண்டான். துரை தண்டனை என்றால் அவன் வருத்தம் என்றான். துரை தெரியாது என்றால் அவன் தெரியும் என்றான். துரை பிடிவாதமாக நேர்மையான மனிதர். தெரியாதது அவரிடம் நிறைய இருந்தது. அதையெல்லாம் சிரில் நிரப்பினான். ஆட்கின்ஸ் ஐயரின் பிரசங்கம் பால்சோறு மாதிரி இறங்குகிறது என்று பேச்சு பரவி, தூரத்துச் சாலாக் செலாத்தானிலிருந்துகூட நடந்து வந்தார்கள். துரைக்கு அது தம் நேர்மையின் பலனாகத் தோன்றியது.

இதில் பாவம் என்ன இருக்கிறது என்று சிரில் கேட்டுக்கொண்டதில்லை. மாரிஸின் அடக்க ஆராதனைவரைக்கும்.

மாரிஸ் அவன் பையன். நான்கு வயது. செங்கல் சூளைக்காரர்கள் மண் தோண்டி எடுத்துவிட்டுப் போன பள்ளங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நீர் நிறைந்து கிடந்தன. ஒரு மத்தியானம், மழைக்கு நடுவில், அவற்றில் ஒன்றில் மூழ்கிப்போனான். பையனின் தாய் கேத்தரின் அப்போது வீட்டுக்குள் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். அவனுக்குத்தான் சட்டை. மிஷின் சத்தத்தில் மழைகூடக் கேட்கவில்லை என்று சொன்னாள். அதைச் சொன்ன கணத்திலிருந்து அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது.

"அவன் என்னைக் கூப்பிட்டானா?"

இல்லை என்றான் சிரில். கூப்பிட நேரம் இருந்திருக்காது என்றான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை, கோபமும் இல்லை. புருஷன் வேறு என்ன சொல்வான்? அவள் சாப்பிடவில்லை, படுக்கவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் போய் நிற்பாள், கூட்டிக்கொண்டு வருவார்கள், மறுபடி போவாள்.

அடக்கத்தன்று அவள் சிரிலை மொழிபெயர்க்கச் சொல்லித் துரையிடமே கேட்டாள். துரை அதற்குப் பிரசங்கத்தில் பதில் சொன்னார். பெற்ற பிள்ளையின் பெட்டிக்குப் பக்கத்தில் சிரில்தான் மொழிபெயர்த்தாக வேண்டும். வேறு ஆள் இல்லை. துரை கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "தாய் கேட்கிறாள், பிள்ளை கூப்பிட்டானா என்று. எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேச எனக்கு உரிமை இல்லை."

சிரில் தமிழில் சொன்னான்: "பிள்ளை கூப்பிடவில்லை. தண்ணீர் தொடும் முன்னே தூதர்கள் தூக்கிக்கொண்டார்கள். அவன் பயப்படவே இல்லை."

அன்று இரவு கேத்தரின் சோறு கேட்டாள். "ஐயரே சொல்லிட்டாருல்ல" என்றாள். வீட்டில் சொன்னபோது வெறும் ஆறுதலாக இருந்த அதே சொல், அதே வாயிலிருந்து, பிரசங்கமாக வந்தபோது உண்மையாகிவிட்டது. அவள் உயிர் அந்த ஒற்றை வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப்பின் ஒரு ஞாயிறு தவறாமல், மழையோ காய்ச்சலோ, சபைக்கு வந்து உட்கார்ந்தாள்.

துரை காத்திருக்கத் தொடங்கியது அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான்.

இரண்டாவது ஞாயிறு சிரிலுக்கே கேட்டது. அவன் தமிழ் முடிந்ததும், கூரைத் தகரம் வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தத்துக்கும் பெண்கள் பக்கத்து ஓலை விசிறிகளின் சரசரப்புக்கும் கீழே, ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு ஆணின் முணுமுணுப்பு எழுந்தது. சொல் பிரியவில்லை, ஆனால் ஏற்ற இறக்கம் பிரிந்தது. துரை எங்கே அழுத்தினாரோ அங்கே அழுத்தி, அவர் எங்கே தாழ்ந்தாரோ அங்கே தாழ்ந்து, கடைசியில் வாக்கியத்தைப் பக்குவமாக இறக்கி வைத்தது. கூடவே களிமண் வாடை, தோண்டிப் போட்டு நாள்பட்ட மண்ணின் குளிர்ந்த வாடை, சபையின் தேங்காய் எண்ணெய், மல்லிகை, வியர்வை எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. சிரில் திரும்பிப் பார்த்தான். ஜன்னலில் வெளிச்சம் மட்டும் இருந்தது.

ஆராதனை முடிந்து பின்னறையில் துரை டீ குடித்துக்கொண்டிருந்தார். சிரில் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்டான்.

"நடு நடுவே நிறுத்துகிறீர்களே, ஐயா, உடம்புக்கு ஏதாவது?"

"உம்முடைய நண்பர் முடிக்கட்டும் என்றுதான்."

"எந்த நண்பர்?"

"வெளியே இருப்பவர்களுக்குச் சொல்கிறாரே, அவர். இடம் போதவில்லை என்று நீர் ஏற்பாடு செய்ததாக நினைத்தேன்." துரை டீயை ஊதினார். "நல்ல ஆள். நான் பேசும் நீளத்துக்கே பேசுகிறார். உம்முடையது எப்போதும் கொஞ்சம் கூடுதல், மிஸ்டர் சிரில். தமிழே அப்படிப்பட்ட மொழி என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன்."

சிரில் வெளியே வந்தான். சபையைப் பெருக்குகிற நல்லம்மாள் ஜன்னலுக்குக் கீழே துடைப்பமும் கையுமாக நின்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள்.

"பாரு தம்பி இந்த அநியாயத்தை. எந்த மலாய்க் கம்பத்துப் பசங்களோ வந்து உக்காந்து உக்காந்து லாலாங் எல்லாம் படுத்துப் போச்சு."

அவன் பார்த்தான். இடுப்பளவு நின்றிருக்க வேண்டிய லாலாங் புல், பள்ளங்கள் வரைக்கும், வரிசை வரிசையாக அழுந்திக் கிடந்தது. நடுவில் ஒரு வழி மட்டும் அழுந்தாமல் நேராக ஓடியது. இடப்பக்கம் அகலமான தடங்கள். வலப்பக்கம் ஒடுங்கியவை. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம்.

"பசங்கன்னா சத்தம் போடுவாங்களே ஆத்தா."

"அதான் எனக்கும் புரியல. சாமி கும்பிட வந்தவங்க மாதிரி ஒழுங்கா உக்காந்துட்டுப் போயிருக்குதுங்க. உள்ளார இருக்கறதுங்களே இப்படி உக்காராது."

பெண்கள் பக்கத்தின் முதல் வரிசையில், ஜன்னலுக்கு நேர் கீழே, ஒரு சின்னத் தடம். முறத்தளவு. அதை ஒட்டி ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்குப் புல் படுக்காமல் நின்றது. சபையில் பிள்ளைகள் ஓடிப்போய் அம்மாவுக்கு இடம் பிடித்து வைப்பார்கள், அப்படி.

அன்று சாயங்காலம் கேத்தரின் அரிசி புடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். பையன் போன பிறகும் அவள் அவனைக் கூப்பிடும் விதத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

"மாரிஸ் அப்பா, இன்னிக்கு பிரசங்கம் ரெண்டு தடவ கேட்டுச்சுங்க."

"தகரக் கூரை இல்ல? எதிரொலி அடிக்கும்."

"எதிரொலின்னா சொன்னதையேதான சொல்லணும்?"

கீழே சிதறிய அரிசியை அவன் குனிந்து பொறுக்கி முறத்தில் போட்டான்.

"அடுத்த வாரம் வீட்லயே இரேன், கேத்தி. இளைச்சுப் போயிட்ட."

"பிரசங்கத்தை விட்டா எனக்கு என்னங்க இருக்கு?" என்றாள். "அடுத்த வாரம் ஜன்னல் பக்கமா உக்காரப் போறேன். அங்க தெளிவா கேக்குது."

படுத்துக்கொண்டு சிரில் அந்தக் குரலைப் பற்றிக் கணக்குப் போட்டான். அது தன் தமிழை யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கவில்லை. துரையின் ஆங்கிலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது, கூட்டாமல், குறைக்காமல். அவன் எதையெல்லாம் மாற்றினானோ அதையெல்லாம் அது திரும்ப எடுத்து நேராக்கி, வெளியே இருந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்படியென்றால் மாற்றாமல் விட்டால்?

அடுத்த ஞாயிறு அவன் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. உறைபனி உறைபனியாகவே போனது. தண்டனை தண்டனையாகவே போனது. ஒவ்வொரு வாக்கியத்தையும் துரை கொடுத்த அளவிலேயே திருப்பி வைத்தான். ஜன்னலிலிருந்து முணுமுணுப்பு வரவில்லை. துரை காத்திருக்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் கேத்தரின் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், ஏமாந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். சிரிலுக்கு முதுகில் வியர்வை ஆறியது.

வாசலில் வாலண்டைன் நின்றான். "என்ன சிரில், ஐயருக்கு உடம்பு சரியில்லையா? கோர்ட்ல தீர்ப்பு வாசிச்ச மாதிரி இருந்துச்சு இன்னிக்கு."

"ஐயர் எப்பவும் போலத்தான் அண்ணே."

"பாவம் லா. இவ்ளோ தூரம் நடந்து வந்து திட்டு வாங்கிட்டுப் போகுது ஜனம்."

திட்டு வாங்கட்டும். அவன் அப்படியே தொடர்ந்தான். கூட்டம் மெலிந்தது. சாலாக் செலாத்தான்காரர்கள் நின்றுபோனார்கள். லாலாங் மெல்ல நிமிர்ந்தது. உண்மையை மட்டும் சொன்னால் போதும், ஜன்னல் வெறும் ஜன்னல்தான் என்று தெரிந்ததில் அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஒரு பிரசங்கியும் சொல்லாத பாடம் அது.

பிறகு துரை அறிவித்தார். புதிய ஐயர் கப்பல் ஏறிவிட்டார். வரும் ஞாயிறு தம் கடைசிப் பிரசங்கம். அந்த வருடம் சபை இழந்தவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லி நினைவுகூரும் மாலை ஆராதனை. சிரிலைத் தனியே அழைத்து, தோளில் கை வைத்து, "உம் மகனைப் பற்றி அன்று சொன்னதையே மறுபடி சொல்லப் போகிறேன். உம் மனைவியைத் தேற்றியது அந்த வாக்கியம்தான் என்று கேள்விப்பட்டேன்" என்றார்.

சிரில் அந்த வாரம் சரக்கு ஆபீஸில் கிள்ளானுக்குப் போக வேண்டிய மூட்டைகளை எல்லாம் செராஸுக்கு எழுதினான். உள்ளதைச் சொன்னால் கேத்தரின் மறுபடி பள்ளத்தின் ஓரத்துக்குப் போவாள்; இந்த முறை கூட்டிக்கொண்டு வர முடியாது. மாற்றிச் சொன்னால் அந்தக் குரல் உள்ளதைச் சொல்லும். ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருப்பவளின் காதில் சொல்லும். இருமல் என்றான்; துரை மிளகு மாத்திரை கொடுத்தார். வேறு ஆளைத் தேடினான். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் எல்லாரும் கத்தோலிக்கர்கள்; இந்தச் சபை வாசலை மிதிக்க மாட்டார்கள். சனிக்கிழமை ஒரு சுத்தியலோடு போய் ஜன்னலைச் சட்டம் வைத்து ஆணி அடித்தான். நல்லம்மாள் ஏன் என்று கேட்டாள். மழைச் சாரல் என்றான்.

ஞாயிறு மாலை உண்மையாகவே மழை வந்தது. கூரையில் அரிசி கொட்டுவதுபோலத் தொடங்கி, பிறகு மூட்டையோடு கவிழ்ந்ததுபோல. இரண்டு காஸ் விளக்குகள் சீறிக்கொண்டிருந்தன; அவற்றின் வெளிச்சம் சுவர்வரை போகவில்லை; ஈரக் குடைகள், நனைந்த பருத்தி, மண்ணெண்ணெய், இவற்றுக்கு அடியில் அந்தக் களிமண் வாடை. கேத்தரின் ஆணி அடித்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை. தலைவாரிப் பூ வைத்திருந்தாள், பையன் போனதிலிருந்து அன்றுவரை வைக்காதவள்.

துரை பெயர்களைப் படித்தார். சிரில் பெயர்களைப் படித்தான். பெயர்களில் மாற்ற ஒன்றுமில்லை. ஜன்னல் அமைதியாக இருந்தது.

"மாரிஸ்" என்றார் துரை.

"மாரிஸ்" என்றான் அவன்.

துரை கண்ணை மூடிக்கொண்டார். "தாய் கேட்டாள், பிள்ளை கூப்பிட்டானா என்று. எனக்குத் தெரியாது என்றேன். இன்றும் எனக்குத் தெரியாது."

சிரில் கேத்தரினைப் பார்த்தான். அவள் முகத்தை உயர்த்தியிருந்தாள். ஒரு வருடமாக அவளைச் சோறு தின்ன வைத்த வாக்கியத்தை இன்னொரு முறை வாங்கிக்கொள்ள, இரு கைகளையும் மடியில் குவித்து வைத்திருந்தாள்.

"பிள்ளை" என்று தொடங்கினான். குரல் நின்றது. மறுபடி தொடங்கினான். "பிள்ளை கூப்பிடவில்லை. பயப்படவே இல்லை."

மழை நின்றது.

கொஞ்சங்கொஞ்சமாக அல்ல. ஒரே அடியாக.

துரை கண்ணைத் திறந்தார். காத்திருந்தார்.

சிரிலும் காத்திருந்தான். ஜன்னலில் முணுமுணுப்பு இல்லை. விளக்குகளின் சீறல் மட்டும். வரவில்லை. இந்த ஒரு முறை விட்டுவிட்டது. பெற்றவன் என்று இரங்கிவிட்டது. நன்றி என்று மனசுக்குள் சொன்னான்.

துரை இன்னும் அடுத்த வாக்கியத்துக்குப் போகவில்லை.

ஜன்னலைப் பார்க்கவில்லை அவர். சிரிலைப் பார்த்தார். அதே மரியாதையோடு. இன்னொருவர் பேசி முடிக்கட்டும் என்று.

வாலண்டைன் அவனைப் பார்த்தான். நல்லம்மாள் பார்த்தாள். எல்லாத் தலையும்.

அப்போதுதான் தன் வாய் திறந்தபடியே இருப்பது சிரிலுக்குத் தெரிந்தது.

மூட முயன்றான். முடியவில்லை.

நாக்கில் மண். குளிர்ந்த, வழுவழுப்பான மண். தொண்டைக்குள் தண்ணீர் ஏறும் சத்தம். அவனுடையது அல்லாத ஒரு சின்ன மூச்சு, அதைத் தாண்டி மேலே வரப் பார்த்தது. வழுக்கியது. மறுபடி பிடித்து ஏறியது.

"ம்மா."

அவன் வாயிலிருந்து. நான்கு வயதுக் குரலில்.

"அம்மா. அம்மா. அம்மா."

கத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. முதலில் சாதாரணமாக, கதவைத் திறக்கச் சொல்வதுபோல. பிறகு கொஞ்சம் உரக்க. பிறகு மிஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளையின் குரலில். நிறுத்தி. காது கொடுத்து. மறுபடி. ஒவ்வொன்றுக்கும் நடுவே துரை தலையசைத்தார், அடுத்ததற்கு.

எத்தனை தடவை கூப்பிட்டிருந்தானோ அத்தனை தடவையும் வந்தது.

கேத்தரின் எழுந்தாள்.

அவள் அழவில்லை. முகம் பள்ளத்துக்கு முந்தைய முகமாக இருந்தது, ஒரு சுருக்கம் இல்லாமல். பெஞ்சுகளுக்கு நடுவே வந்தாள். முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டாள், ஈரத் தலையைத் துவட்டப் போகிறவள்போல.

"இதோ வந்துட்டேன்யா" என்றாள். "அம்மாவுக்குக் கேட்டுருச்சு. அழாத. வந்துட்டேன்."

சிரில் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தான். துரையும் அதே போல் கையை நீட்டினார்.

அவள் சிரிலின் கையைப் பார்க்கவில்லை. கண்ணையும் பார்க்கவில்லை. அவன் திறந்த வாயைப் பார்த்தபடி, மேடையின் படியில் ஏறி, மிக மிருதுவாக, இரண்டு கைகளின் விரல்களையும் அதன் உள்ளே விட்டாள்.